முப்பத்தொன்றாம் எண் அட்டை

"அவ அன்னைக்கு வரவே இல்ல டீச்சர், நானே கூட்டிட்டுப் போயி..."

"வந்திருக்கா. பத்துக்கு எட்டு சரி. இங்கன பாரும்மா, பேரு..."

"கம்பெனி வாசல்ல கொண்டு விட்டதே நான்தான்னு சொல்லுதேன், நீங்க என்னன்னா..."

"பதினொண்ணு பதினெட்டுக்கு ஏழாவது கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கா. இது நான் எழுதுனதில்ல. மெஷின் எழுதுனது."

"மெஷினா டீச்சர் எம்புள்ளையப் பெத்துச்சு?"

இந்த இடத்தில் நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்குப் பேச்சு வாசலிலேயே தொடங்கிவிட்டதால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

விசாரணைக்காக, நடந்ததை ஒளிக்காமல் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். வந்தவர் பெயர் சுடலைச்செல்வி. அவருடைய மகள் செல்வலட்சுமி என் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முப்பத்தொன்றாம் எண். கடலைமிட்டாய்க் கம்பெனியில் கொதிக்கிற வெல்லப்பாகு மேலே கவிழ்ந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு வரி. சம்பவத்தன்று என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அது இல்லாமல் ஸ்டேஷனில் அவர் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து அடுப்பில் சுட்டுக்கொண்டது, தாய்தான் கவனிக்கவில்லை என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் ஆன்லைன் வினாடி வினாவுக்கு ஆளுக்கொரு அட்டை. அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம், நான்கு பக்கமும் நான்கு சிறிய எழுத்துகள். எந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நான் முன்னால் நின்று வகுப்பின் மேல் போனை ஒரு வீச்சு வீசினால் போதும், ஸ்மார்ட் போர்டில் ஒவ்வொரு பெயராகப் பச்சையாகும். கீழே ஒரு பட்டை நிறைந்துகொண்டே வரும். பதில் சொன்னவர்களுக்கு அன்றைய வருகையும் தானாகவே விழுந்துவிடும். முதல் மூன்று பேருக்கு நான் கடலைமிட்டாய் கொடுப்பேன். என் சொந்தக் காசில்தான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த அட்டை வந்தபோது, வயதானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. சுகுணா என்று புதிதாக வந்த டீச்சர், அவளுடைய வகுப்பில் பட்டை தினமும் நூறு. என் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். பொங்கல் விடுமுறை முடிந்து முப்பத்தேழு பேர்தான் வந்தார்கள். பட்டை தொண்ணூற்றேழில் நின்றது.

தலைமையாசிரியர் சோலைராஜ் சார் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "கல்யாணசுந்தரி டீச்சர், அந்த மூணு சதவீதம் எங்கன போச்சு?"

சுகுணா குனிந்து சிரித்தாள்.

அந்த மூன்று சதவீதத்தின் பெயர் செல்வலட்சுமி. மறுநாள் முதல் அவளுடைய அட்டையை நான் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து, பதிவேட்டை மேசைமேல் திறந்தே வைத்திருந்தேன். வகுப்பைச் சுற்றிவரும் போன் கடைசியில் மேசையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிரும். அட்டையைத் திருப்ப ஒரு விரல் போதும்.

பதினேழு வேலை நாள் இப்படிச் செய்தேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்ல வைக்கவில்லை. அது நேர்மையாக இருக்காது. செல்வலட்சுமிக்கு வர்க்கமூலம் வராது, பின்னம் நன்றாக வரும். வர்க்கமூலம் வந்தால் அட்டையைத் தப்பாகத் திருப்புவேன். அவளை என்னளவுக்குத் தெரிந்த வேறு ஆசிரியர் இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

பிள்ளைகள் கேட்காமல் இல்லை. இரண்டாம் நாளே ஷிரின் எழுந்து கேட்டாள். "டீச்சர், செல்வலட்சுமி வரலல்லா? அவ பேரு எப்படி பச்சையாச்சு?"

"அவ வீட்டுலேருந்து போன்ல சொல்லுதா. நீ உக்காரு."

"அப்ப நாங்களும் நாளைலேருந்து வீட்டுலயே இருந்துக்கிடுதோம் டீச்சர்" என்றான் தௌபீக்.

"நீ இங்கன இருந்தே ஒண்ணும் சொல்லமாட்டேங்க, வீட்டுலேருந்து என்னத்தச் சொல்லப்போற?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பாடம் சிரிப்போடு நடக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பரிசுக்கு மிட்டாய் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிகண்டபிரபுவின் கம்பெனிக்குப் போயிருந்தேன். கடையைவிட அங்கே விலை குறைவு. எங்கள் ஸ்மார்ட் போர்டு அவர் வாங்கிக் கொடுத்ததுதான். பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தது செல்வலட்சுமி. சட்டிக்கு ஒரு பக்கம் செங்கலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கணக்கு டீச்சருக்குச் சாய்வு சட்டென்று கண்ணில் படும்.

என்னைப் பார்த்ததும் கரண்டியை மறைக்கப் பார்த்தாள். ஐந்தடிக் கரண்டியை எங்கே மறைப்பது?

"டீச்சர், அம்மைக்கு முட்டுவலி. அடுத்த திங்கக்கெழம வந்துருதேன் டீச்சர்."

"அவசரம் ஒண்ணுமில்லட்டி. நீ நல்லாத்தான் பண்ணுத."

"எம்பேரு போர்டுல வருதாமே? ஷிரின் சொன்னா."

"ஆமா. வெள்ளிக்கெழம மூணாவது எடம்."

அவள் கரண்டியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நானா? அப்ப நான் வராம இருந்தாத்தான் நல்லாப் படிக்கேன் போல டீச்சர்."

மூன்றாவது இடத்துக்கான மிட்டாய் அவள் பெயரில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை அங்கேயே கொடுத்திருக்கலாம். பாகு கிண்டுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது பொருத்தமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் பசித்தபோது நானே சாப்பிட்டேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் வாக்கில் சட்டி கவிழ்ந்தது என்கிறார்கள். அந்த நேரம் என் வகுப்பில் ஏழாவது கேள்வி. எட்டில் மூன்று பங்கோடு நான்கில் ஒரு பங்கைக் கூட்டுவது. அவளுக்கு வரும் என்பதால் அட்டையைச் சரியாகவே திருப்பினேன்.

வியாழக்கிழமை மணிகண்டபிரபு இரண்டு பெட்டி மிட்டாயோடு என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை எங்ககிட்ட வேலை பார்க்கலன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாவ. ஆனா பாருங்க, அவ அன்னைக்கு கிளாஸ்ல இருந்திருக்கா. ஹெச்செம் சார் போன்லயே காட்டுனாவ. நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது."

"ஆமா. அதுல அப்படித்தான் இருக்கு."

"அதுல இருக்குதத மட்டும் ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டுத் தந்தியன்னா போதும். இல்லாததக் கேக்கல."

அவர் இல்லாததைக் கேட்கவில்லை என்பது உண்மை. ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செல்வலட்சுமி அப்போது உயிரோடு இருந்தாள். கையெழுத்துப் போடும்போது, அவள் தேறி வந்து தானே உண்மையைச் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தேன். மறுநாள் விடிகாலை இறந்துவிட்டாள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அதனால்தான் சுடலைச்செல்வி வந்து கேட்டபோது அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. ஒரே நாளுக்கு இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தால் ஆசிரியருக்கு என்ன மதிப்பு இருக்கும்? தண்ணீரைக் குடித்த பிறகு அவர் குரல் தணிந்தது. நான் காட்டிய, அன்றைய பதில்களை அச்சிட்ட தாளில் விரலை வைத்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர். இந்த ஒத்தப் பேரு மட்டும் தெரியும். அவதான் அடுப்புக்கரியால சொவத்துல எழுதிச் சொல்லிக்குடுத்தா. இதான எம்புள்ள பேரு?"

"இதாம்மா."

"அது நல்லாத் தெரியுது. மத்தது எல்லாம் பொய்யி."

போய்விட்டார். அவர் யாரைப் பார்த்தாரோ, அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். இந்த அட்டை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை வகுப்பிலேயே நடத்திக் காட்டச் சொன்னீர்கள். சுடலைச்செல்வியையும் கூட்டி வந்து கடைசி பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். சோலைராஜ் சார் வாசலில் நின்றார்.

அவள் இறந்த பிறகு நாங்கள் வினாடி வினா வைக்கவில்லை. ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம், அதோடு போர்டையும் அணைத்து வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் மறுபடியும் போட்டேன். பட்டியலில் முப்பத்தெட்டு பெயரும் அப்படியே இருந்தன. பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும், அது திருநெல்வேலியிலிருந்து இன்னும் வரவில்லை. இதில் என் தவறு எதுவும் இல்லை.

சுலபமான கேள்வியாகத்தான் கேட்டேன். பாதியில் பாதி எவ்வளவு? பிள்ளைகள் அட்டையைத் தூக்கினார்கள். போனை வீசினேன். பெயர்கள் வரிசையாகப் பச்சையாகிக்கொண்டு வந்தன, ஷிரின், தௌபீக், எல்லாரும். பட்டை தொண்ணூற்றேழில் வந்து நின்றது. சோலைராஜ் சார் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். பதிவேடு என் மேசைமேல் திறந்திருந்தது.

மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பிள்ளையையும் நான் பின்னால் விட்டுவிட்டு வந்ததில்லை. பட்டியலில் பெயர் இருந்து, எல்லாரும் பதில் சொல்லி, அவள் மட்டும் சொல்லாமல் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. போனை மேசைப் பக்கம் ஒரு தடவை தாழ்த்தி நிமிர்த்தினேன். சரியான விடைதான். பட்டை நூறுக்குப் போனது.

கடைசி பெஞ்சில் சுடலைச்செல்வி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். போர்டை நோக்கி விரலை நீட்டினார். நீங்கள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"எம்புள்ள பேரு பச்சையாயிட்டு டீச்சர். இப்ப அவ எங்கன உக்காந்திருக்கா?"