அடியில ஒண்ணுமே இல்லக்கா

— உறிஞ்சி முடிச்சப்புறம் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன். அடியில ஒண்ணுமே இல்லக்கா! சத்தியமா நான் கொன்னுட்டேன்.

— யாரைடி கொன்ன? நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள கொலையா? மூச்சு விடு வாலு.

— நீ பாட்டில்ல வளக்குற செல்லை! அந்த ரெண்டாவது பாட்டில். நீதானே சொன்ன, பழைய தண்ணிய உறிஞ்சிட்டுப் புதுசு ஊத்தி வைன்னு?

— சொன்னேன். லீவுக்கு லேப் பாக்க வந்தவளை வேலை வாங்குனேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— விளையாடாத. எல்லாம் கழிவு ஜாடியில இருந்த ப்ளீச்சுல போயி விழுந்துடுச்சு. காலையில சொன்னியே, ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயசுப் பையன்கிட்டேர்ந்து எடுத்த செல்லுன்னு. அவன்ல மிச்சம் இருந்ததே அவ்வளவுதான், அதையும் நான்...

— ஐயோ, என் தங்கமே! இங்க வா. மூக்கைத் தொடை. கோட்டுல இல்லடி, அது என் கோட்டு! அவன் செல்லு எத்தனையோ நாட்டு லேப்புல வளருது. நம்ம நைட்ரஜன் தொட்டியில மட்டும் பன்னெண்டு குழாய் உறைஞ்சு தூங்குது. உன்னால அவனைத் தீர்த்துக்கட்ட முடியாது.

— நிஜமாவா?

— நிஜமா. நம்ம அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே வளந்துக்கிட்டு இருக்கான்.

— ஆனா நாளைக்கு உங்க மேடம் பார்க்க வர்றாங்களே? இது போச்சுன்னா உன்னைத் திட்டுவாங்களே?

— தண்ணிய மட்டும்தானே எடுத்த? செல்லு அடியில கெட்டியா ஒட்டியிருக்கும். நீ சரியாப் பார்த்திருக்க மாட்ட.

— எடுக்குறதுக்கு முன்னாடியும் பார்த்தேன்கா. எல்லாம் உருண்டை உருண்டையா, ஜாலியா மிதந்துச்சு.

— மிதந்துச்சா? மிதக்கக் கூடாதே! மருந்து போட்டா எல்லாம் தரையில ஒட்டி, கை காலை நீட்டி, கிருமிய முழுங்குற செல்லா மாறணும். அதைக் காட்டத்தானே மேடத்தையே கூப்பிட்டிருக்கேன்! புதன்கிழமை என் கையால ஊத்துனேன்டி.

— எந்த மருந்து? ஃப்ரீசர்ல நீல மூடி போட்ட குட்டிக் குழாயா?

— ஆமா. இருந்ததே ஒண்ணுதான். மொத்தமும் காலி.

— அது அப்படியேதானே இருக்கு? ஐஸ் எடுக்கறப்போ பார்த்தேன். சீல்கூடப் பிரிக்கல.

— போடி, உளறாத. நகரு, நான் பாக்குறேன்... ஐயையோ.

— அக்கா?

— பேசாத. கொஞ்ச நேரம் பேசாத வாலு.

— இல்லக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அப்ப புதன்கிழமை நீ எதை ஊத்துன?