பிசிக்ஸ் துறையில ஆள் இருக்கு

பாத்து வாங்க மேடம், மூணாவது படி ஆடும். மேலிடத்துக்கு எழுதிப் போட்டோம். பதிலும் வந்துச்சு, ரெண்டாவது படியில இருந்து நேரா நாலாவதுக்குத் தாண்டிக்கச் சொல்லி.

இதான் பிசிக்ஸ் துறை. இதை மூடிரலாமான்னு பாக்கத்தானே வந்திருக்கீங்க? அட, அரசாங்கக் காலேஜுல பியூனுக்குத் தெரியாம எந்தக் காகிதம் உள்ள வரும்? நான்தான் பியூன். மணி அடிக்கிறது, லேப் தெறக்கிறது எல்லாம் நான்தான்.

புரொபசருங்களா? நாற்காலி ஏழு இருக்கு மேடம், எல்லாம் நல்ல நாற்காலி. ரெண்டு பேர் ரிட்டயராயிட்டாங்க. மத்தவங்க எதிர்த்தாப்புல இருக்கிற தனியார் காலேஜுக்குப் போயிட்டாங்க. அங்க வாசல்லயே நீரூற்று. நம்ம பசங்க தண்ணி குடிக்க அங்கதான் போவாங்க, வாட்ச்மேன் விரட்டுவான். புது ஆள் போடுங்கன்னு கேட்டா, பிள்ளைங்க கம்மி, போட முடியாதுங்கிறாங்க. பிள்ளைங்க ஏன் கம்மின்னா, வாத்தியார் இல்லையாம். நல்லா இருக்கு நியாயம்.

அந்தச் சத்தமா? கடைசி வருஷப் பிள்ளைங்க, கணக்குப் போடுறாங்க. நான்தான் குடுத்துட்டு வந்தேன்.

ஆமா, நான்தான் பாடம் எடுக்குறேன். முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. இருபத்தாறு வருஷமா அந்தக் கதவோரம் ஸ்டூல் போட்டுக் கேட்டிருக்கேன். பத்தாவது பெயில்தான். ஆனா முதல் வருஷப் பாடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கடைசி வருஷம்தான் முழி பிதுங்குது.

தப்புதான் மேடம். என் மேல எழுதுங்க, வீட்டுக்குக்கூட அனுப்புங்க. துறையில ஆள் இல்லைன்னு மட்டும் எழுதிராதீங்க. பரீட்சைக்கு நாலு மாசம்தான் இருக்கு. இதை மூடிட்டா, எதிர்த்த காலேஜ் வாசலை மிதிக்கிற வசதி இதுல ஒரு பிள்ளைக்கும் இல்ல.

முழி பிதுங்குற பாடத்தை எப்படி எடுக்குறேனா? முன் பெஞ்சுல கண்ணாடி போட்ட பொண்ணு தெரியுதா? எம்மக. இங்க என்னை சார்னுதான் கூப்பிடுவா. தினம் காலையில அடுப்படியில வெச்சு எனக்குப் பாடம் சொல்லித் தருவா. அதை அப்படியே வந்து நான் இவங்களுக்குச் சொல்லித் தருவேன். அவளே எடுக்கலாந்தான். கூடப் படிக்கிறவ சொன்னா எவன் கேக்குறான், சார்னு ஒருத்தர் நிக்க வேண்டியிருக்கு.

அவளுக்கு யார் சொல்லித் தர்றாங்கன்னு நான் கேட்டதில்ல மேடம். வாத்தியார் இல்லாத இடத்துல படிக்க வெச்ச அப்பன் நான், கேக்க வெக்கமா இருக்கு.