கண்ணாடி வளைவு

ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது, தெரசா மேடம். என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அது காரணமில்லை. கொஞ்ச காலமாகவே வலது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. நீங்கள் மேசைமேல் வைத்த படத்தில், வளைவுக் கண்ணாடிக்குள் தெரிகிற முகம் என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஏன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு என் தொழிலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் அப்பா அர்த்தனாரிக்கு முள்ளுக்குறிச்சியில் மிளகு மண்டி. மூட்டை இறங்கியதும் இரண்டு பேர் கையின்மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விரல் கூடக்கூட விலை கூடும், ஐந்தும் பிடித்தால் முழு விலை. வாய் மட்டும் மழையையும் மாப்பிள்ளையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். வாங்குகிறவன் தானாக ஏற்றிக்கொண்டு போனால் நாம் அசையக் கூடாது. அப்பா எனக்குக் கொடுத்த படிப்பு அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஏழில் நான் வெப்சைட் ஆரம்பித்தேன். அதுவும் மண்டிதான், சரக்கு எழுத்து. எந்த வார்த்தையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். சந்தைக்குக் கிளம்புகிறவன் மனதை முன்கூட்டியே எட்டிப் பார்ப்பது மாதிரி. கொல்லிமலை மிளகு, தேன், மூலிகை என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன். தேடுகிறவனைவிட விற்கிறவன் அதிகம். ‘கொல்லிமலை பேய்’ என்று போட்டேன். கேட்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கடையே இல்லை.

கடை போட்டேன். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் எல்லாம் அடிபட்ட சரக்கு. எதிர்வண்டி தெரிவதற்காக மலை வளைவில் ஒரு கண்ணாடி நட்டிருக்கிறார்களே, அதற்குள் மட்டும் தெரிகிற ஒருத்தியை உண்டாக்கினேன். ஹாரன் அடித்தால் மறைந்துவிடுவாள் என்றும் எழுதினேன். ஒரு நிபந்தனை இருந்தால்தான் நம்புவார்கள்.

ஆள் வந்தது. பிறகு குறைந்தது. இருக்கிறாள், இருக்கிறாள் என்று எத்தனை தடவை எழுதுவது? அந்தச் சமயத்தில் சேலத்துக்காரன் ஒருவன் அந்த வளைவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். என் பக்கத்துக்கு வந்தவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று பார்த்தேன். பேயோடு ‘விபத்து’ சேர்ந்திருந்தது. அடுத்து ‘சாவு’ம் சேர்ந்தது. நான் சேர்க்கவில்லை, மேடம். கேட்டது அவர்கள். என்னிடம்தான் சரக்கு இல்லை.

மலைமேல் ஆலத்தூர் நாட்டு மாரப்பன் மாமா சந்தைக்குச் சந்தை மோட்டார் பைக்கில் மிளகு கொண்டு வருவார். ஒருநாள் மண்டியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங்க கண்ணு, எங்க மலையில பேய எறக்கி உட்டிருக்கீங்களாமா? எம் புள்ள வளர்மதி கம்ப்யூட்டர்ல படிச்சுக் காட்டுனா.”

“நீங்க பாக்கலீங்களா மாமா?”

“பாத்திருந்தா அவ தலையிலயும் ஒரு மூட்டைய ஏத்தி உட்டிருப்பனே. இப்பெல்லாம் அங்க ஹாரனே அடிக்கறதில்லீங்க. கண்ணாடியப் பாத்துட்டேதான் வாரேன். என்னைக்காச்சும் சிக்காமயா போயிருவா?”

“சிக்குவாங்க மாமா,” என்றேன்.

அந்த வாரம் ஸ்பேனரோடு போய்க் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினேன். கீழிருந்து ஏறிவருகிற சாலை மறைந்து, ஓரத்துப் புதர் தெரிந்தது. படம் எடுக்க அந்தக் கோணம் எடுப்பாக இருந்தது. யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை. சந்தை நாள், வண்டி வரும் என்று மட்டும் தெரியும். கேமராவோடு புதருக்குள் உட்கார்ந்தேன்.

கீழிருந்து லாரி ஏறியது. மேலிருந்து மாரப்பன் மாமா வந்தார். ஹாரன் இல்லை. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடியே வளைந்தார்.

லாரி டிரைவர் நல்ல மனிதர், குதித்து ஓடிவந்தார். நானும் புதரைவிட்டு வெளியே வந்தேன். மாமாவின் தொடையிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. “தூக்குனாத் தாங்காதுங்க. அந்தத் துண்ட இறுக்கிக் கட்டுங்க சாமி, மேல போயி ஆளக் கூட்டிட்டு வாரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோளிலிருந்து துண்டை எடுத்தேன். அதற்குள் மாமா என் விரலைப் பிடித்துவிட்டார். பழக்க தோஷம், துண்டைக் கைகளின்மேல் போட்டேன்.

எப்போதும் விற்க வருகிற மனிதர் அன்று வாங்க வந்திருந்தார். என்ன சரக்கு என்று எனக்குத் தெரியும். வாய் ‘வளர்மதி’ என்றது. வியாபாரத்தில் வாயைக் கவனிக்கக் கூடாது. அடியில் இரண்டாவது விரலைப் பிடித்தார். பிறகு மூன்றாவது. தானாக ஏற்றுகிறார். நான் அசையவில்லை. நான்கையும் சேர்த்து அழுத்தினார். இன்னும் ஏற்றுவார் என்று காத்திருந்தேன். பிடி தளர்ந்துவிட்டது.

அப்புறம் கண்ணாடியைப் படம் எடுத்து என் பக்கத்தில் போட்டேன். பேய், விபத்து, சாவு என்று தேடினால் அதுதான் முதலில் வந்தது.

இப்போது புதிதாக ஒன்றைத் தேடி வருகிறார்கள். ‘கண்ணாடி வளைவில் அப்பா தெரிவாரா’. தேடுவது ஒரே ஆள்தான். ஒரு ஆளுக்காகக் கடை போட்டால் கட்டுபடியாகாது. ஆனாலும் தினமும் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். மவுசைத் தொட்டதும் விரல் பிடிபடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கையெழுத்து விளங்கவில்லை என்றால் கட்டைவிரல் ரேகை வைக்கிறேன். அது மட்டும்தான் இன்னும் என் வசம் இருக்கிறது.

கண்ணாடியைத் திருப்பியது நான். துண்டைக் கட்டாததும் நான். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கொலை என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்திருந்தால் நான் கொடுத்திருப்பேன், மேடம்.