வெந்நீரில் உருகும் மாத்திரை

பால் வைக்கும் பிரிட்ஜில் நான் மீனைக்கூட வைக்கமாட்டேன் சார். இராஜாக்கமங்கலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், சுபிதா வீடு கண்ணாடி மாதிரி இருக்கும் என்பார்கள்.

அந்த பிரிட்ஜில்தான், வீடு தேடி வரும் நர்ஸ் ரெஜிலா சிஸ்டர் என் மாமியாருடைய மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்தாள். மாமிக்குத் தொண்டையில் புற்றுநோய். வாய்வழி மாத்திரை எதுவும் இறங்காது. காலையும் மாலையும் ஒன்று, ஆசனவாயில் வைத்தால் நோவு அடங்கும் என்றாள். மெழுகு மாதிரி, சுண்டுவிரல் நுனி அளவு. கேட்டதுமே நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"கையுறை போட்டா ஒண்ணும் தெரியாதுக்கா. அது பிடிக்கல்லண்ணா சின்னக் குழாய் தாரேன், மருந்தைத் தண்ணியா ஏத்தி விடலாம்."

குழாய் என்றாலும் போகிற இடம் அதுதானே. சீ. மாத்திரையே போதும் என்றேன். மாமியைத் துடைத்துத் துணி மாற்றத் தினமும் செல்லத்தாய் என்று ஒருத்தி வருவாள். மருந்து மட்டும் என் பொறுப்பு.

முதல் நாள் மாமியைத் திருப்பினேன். அந்த நாற்றத்தில் வைக்காமலே வெளியே வந்துவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டேன். ஒரு தம்ளர் வெந்நீரில் போட்டால் மாத்திரை உருகிவிடும். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, வெற்று உறையை சிஸ்டரிடம் காட்டுவேன். நோவு அடங்கவில்லையே என்று அவள் டாக்டரிடம் சொல்லி இரண்டு முறை வீரியம் கூட்டினாள். பாவம், நல்ல பெண்.

மாமி கத்துவார்கள். நான் கிறிஸ்தவப் பாட்டைச் சத்தமாக வைப்பேன்.

ஒருநாள் கையை நீட்டினார்கள். "மக்கா, நீ வைக்கண்டாம். எங்கிட்ட தா, நானே வச்சிக்கிடுதேன்."

கொடுத்தேன். அவர்கள் விரல்களுக்கு அது பிடிபடவில்லை. உருகி விரிப்பில் ஒட்டிவிடும் என்று தோன்றியது. திரும்ப வாங்கிக்கொண்டு போய் வெந்நீரில் போட்டேன்.

முப்பத்தொரு நாள். அடக்கத்தன்று எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு, பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள். மறுநாள் கழுவுதொட்டி அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றிய ஆள் வெள்ளையாக ஒரு மெழுகுக் கட்டியை வெளியே இழுத்தார். மிச்ச மருந்தை எடுத்துப்போக வந்திருந்த ரெஜிலா அதை வெறுங்கையால் எடுத்துப் பார்த்தாள். கையைக் கழுவச் சொல்லி நான் சோப்பை நீட்டினேன். அதன் பிறகுதான் அவள் புகார் கொடுக்க உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

ஆமாம் சார். ஒன்றுகூட வைக்கவில்லை. ஆனால் மாமி போனபோது விரிப்பில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.