இலங்கைக்கு வராத டைனோசர்

வெல்லாவெளியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் பொரிந்துகொண்டிருந்தார்.

“இந்தியாவில இறைச்சி தின்னுற பெரிய டைனோசர்ட எலும்பு கிடைச்சிருக்காம். மடகஸ்காரிலயும் அதே இனமாம். அந்தக் காலம் எல்லாம் ஒட்டின நிலம், இடையில கடலே இல்ல. அப்ப அது இலங்கைக்கு மட்டும் வராம நிண்டதா?”

“ஆருகா வரல்ல எண்டது?” என்றார் தோழி.

“மகள்ட பள்ளிக்கூடத்துச் சேர்தான். கண்காட்சிக்கு உலகப் படம் கீறி, இலங்கையிலயும் ஒண்டை நிப்பாட்டினவள். அழிக்கச் சொல்லிப்போட்டார்.”

“ஏனாம்?”

“இஞ்ச எலும்பு எடுக்கல்லையாம். ஆரு தோண்டிப் பாத்த? எங்கட வட்டையில நெல்லைத் திண்டுட்டுப் போன யானைக்கும் நட்டஈடு கேட்டுப் போன கந்தோரில இப்பிடித்தான் அத்தாட்சி கேட்டவனுகள். யானையைக் கையில புடிச்சிக்கொண்டா போறது?”

தோழி சிரித்துவிட்டார். “மறுகா, புள்ள அழிச்சிட்டாளா?”

“அழிச்சவள். அழிச்சிப்போட்டு, அதை இந்தியாப் பக்கம் நிப்பாட்டி, எங்கட பக்கமா ஒரு காலைத் தூக்கிக் கீறியிருக்காள். தூக்கின காலை எங்க வைக்கிறதெண்டு இனி சேரே சொல்லட்டுமாம்.”