கிணத்துலேர்ந்து எழுபது அடி

கோச்சுக்காதீங்க மேஸ்திரி, ஒங்கள கேலி பண்ணல. ஆனா ஒரு கக்கூசுக்கு மூணு ஆளு. ஒருத்தன் வெட்டுறான், ஒருத்தன் மண்வெட்டியில சாஞ்சு நிக்கிறான், மூணாமத்தவன் அவன் விழுந்துடாம பாத்துக்குறான். அமெரிக்க அரசாங்கம் நாட்டத் தூக்கி நிறுத்துற அழகு இதுதான்னு டெல்ஃபா சொல்றா. என் பொண்டாட்டிதான். காப்பி போடுறது அவ, அதனால மறுத்துப் பேச முடியாது. ஒங்க இஷ்டத்துக்கு எத்தன நாள் வேணாலும் எடுத்துக்கங்க. எங்க வெட்டுறதுங்கறத மட்டும் நான் சொல்றேன்.

வராந்தாவுல கெடக்குறதா? குளிக்கிற தொட்டி. பக்கத்துல வெங்காயம் மொளச்சிருக்கே, அது சங்கிலிய இழுத்தா தண்ணி கொட்டுற பீங்கான் கக்கூஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுல வாங்குனது. அப்ப இங்க நூல் மில்லு ராப்பகலா ஓடுச்சு. தறி ரிப்பேர் பாக்குற நானே பட்டுச் சட்ட போட்டேன்னா பாத்துக்கங்க. வசந்தத்துல ஊருக்குத் தண்ணிக் குழாய் வந்துரும்னு மேனேஜர் மேடையேறிச் சொன்னாரு. ஊரே உக்காந்து கை தட்டுச்சு, நான் எந்திரிச்சு நின்னு தட்டுனேன். மறுநாளே கேட்டலாக்கப் பாத்து ரெண்டுக்கும் ஆர்டர் போட்டாச்சு.

ரோட்டோரமா பள்ளம்கூட வெட்டுனாங்க. அப்புறம் நியூயார்க்குல பங்குச் சந்த கவுந்துச்சு. அங்க எவனோ கவுந்ததுக்கு இங்க ஏன்யா மில்ல மூடுறீங்கன்னு கேட்டேன். மேனேஜர் நல்லாத்தான் வெளக்குனாரு, ரயிலுக்கு ஓடிக்கிட்டே. தொட்டியில டெல்ஃபா கோழிய அடைக்கு வச்சா. நான் பட்டுச் சட்டையோட போயி இலவச சூப்புக்கு வரிசையில நின்னேன். கிழியாம இருந்தது அது ஒண்ணுதான்.

இப்ப வாஷிங்டன்லேர்ந்து ரோடு வருது, பாலம் வருது, கக்கூஸ் வருது. சிமெண்டுத் தளம், உக்கார ஓட்ட போட்ட பலக, அதுக்கு மூடி. ஜனாதிபதியே வந்து உக்காந்தாலும் ஒரு கொற சொல்ல மாட்டாரு.

அங்கயா? அங்க வேணாம். அளக்குற நாடாவ எடுங்க. கிணத்துலேர்ந்து அம்பது அடிதான் சட்டம்னு எனக்கும் தெரியும். எழுபது வைங்க. பாறையா இருந்தா என்ன, நானும் வெட்டுறேன்.

பழைய கக்கூசு எவ்ளோ தூரமா? கிணத்துக்குப் பதினஞ்சு அடி. எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவன் போட்டது. தூரமா வேற குழி வெட்டுய்யான்னு டெல்ஃபா நச்சரிச்சா. வசந்தத்துல குழாய் வருது, இப்பப் போயி எவனாவது குழி வெட்டுவானான்னேன். அடுத்த வசந்தத்துக்கும் அதையேதான் சொன்னேன். மில்ல மூடுன பொறவு நாள் பூரா வாசல்ல சும்மாதான் உக்காந்திருந்தேன். வெட்டியிருக்கலாம். வெட்டல. வெட்டுனா குழாய் வராதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல.

பழைய பலகைய பிரிக்கலாம், தாராளமா. எது, தாழ இருக்கே, அந்தச் சின்ன ஓட்டையா? அது வெர்னிக்கு. எம் மக. பெரியவங்க ஓட்டையில உக்காந்தா உள்ள விழுந்துருவேன்னு பயப்படுவா, நான்தான் அறுத்துக் குடுத்தேன். முப்பத்திரண்டு ஆகஸ்டுல டைபாய்டு வந்துச்சு. ஆறு வயசு. கிணத்துத் தண்ணின்னு டாக்டர் சொன்னாரு.

இல்ல, புதுசுல ஒரு ஓட்ட போதும். நாடாவ இறுக்கிப் பிடிங்க மேஸ்திரி, தொங்குது. டெல்ஃபா ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டிருக்கா.