சத்தமில்லாத மிஷின்

இந்த நாற்காலியே போதும், ஐயா. முதுகு சாயாமல் உட்கார்ந்து பழகியவன் நான். டீயும் வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் பெயர் ஜெபசுந்தர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீங்கள் சீல் வைத்தீர்களே, அந்த டாட்டூக் கடை என்னுடையது. யாரும் பிடித்து இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் ஏட்டையாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சீல் வைத்த அன்றைக்கு இரண்டு மிஷினையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு அள்ளிக்கொண்டு போனீர்கள். விவரம் தெரியாதவர்கள் செய்கிற காரியம் அது. தப்பாக நினைக்கவேண்டாம், இந்த ஊரில் யாருக்குத்தான் விவரம் தெரியும்?

என்னுடையது காயில் மிஷின். செப்புக்கம்பி சுற்றிய இரண்டு உருளை, மேலே ஓர் இரும்புத் தகடு. கரண்ட் கொடுத்தால் தகடு தடதடவென்று அடித்து ஊசியை இறக்கும். கனம் அதிகம், சத்தம் அதிகம், வலியும் கொஞ்சம் அதிகம்தான். அதன் திருகைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் திருக வேண்டும். சத்தம் சுத்தமாக இல்லையென்றால் கோடும் சுத்தமாக இருக்காது. ரோட்டரி என்பது வேறு. பேனா மாதிரி இருக்கும், உள்ளே ஒரு குட்டி மோட்டார் சுற்றும். சத்தம் கிடையாது, கைக்கு வலி கிடையாது, திருகுவதற்கும் ஒன்றும் கிடையாது. இன்றைக்குக் கற்றுக்கொண்டு நாளைக்கே கடை போடலாம். போடுகிறார்கள்.

வருகிற கூட்டமும் அதற்கேற்ற கூட்டம். தோளில் சிங்கம் வேண்டும் என்பான், ஊசி பட்டதும் கண்ணை மூடி அம்மாவைக் கூப்பிடுவான். உடம்பில் குத்துவது பாவம் என்று எங்கள் சபையில் பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்படிப் பேசியவர்களின் பிள்ளைகள்தான் சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் நான்தான் போட்டேன். செல்வக்குமார் வரும்வரை.

செல்வக்குமாரைக் கடையில் சேர்த்ததும் நான்தான். பனவடலிசத்திரத்துக்காரன், கோயம்புத்தூரில் தொழில் படித்தவன். மரியாதை தெரிந்தவன், அதில் நான் குறை சொல்லமாட்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசலில் நின்று, "அண்ணாச்சி, அந்தச் சத்தம் வராத மிஷின்ல போடுதவரு இருக்காரா?" என்று என்னிடமே கேட்பார்கள். நானே கதவைத் திறந்து விட்டிருக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் அவன் என் தோளைப் பிடித்துவிட்டபடி, "அண்ணாச்சி, நீங்களும் ஒரு பேனா மிஷின் வாங்கிருங்க. இந்தக் கனத்தத் தூக்கிக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுதிய?" என்றான். இரக்கப்பட்டான், ஐயா. கிண்டல் பண்ணியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அந்த ரோட்டரியில் ஊசி தனியாக வராது. சின்னக் கூட்டுக்குள் அடைத்து வரும். ஆளுக்கொரு கூடு, வேலை முடிந்ததும் தூரப் போட்டுவிடலாம். அந்தக் கூட்டுக்குள் வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு உண்டு. மையும் ரத்தமும் பின்னால் ஏறி மிஷினுக்குள் போகாமலும், உள்ளே போனது அடுத்த ஆளுக்கு இறங்காமலும் தடுப்பது அதுதான். அது இருக்கிற தைரியத்தில் செல்வக்குமார் மிஷினின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைப்பான். உள்ளே பார்க்கமாட்டான், பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

கடைச் சாவி என்னிடம்தான். காலையில் அவன் வருவதற்கு முன்னால் பாக்கெட்டுகளைப் பக்குவமாகப் பிரித்து, சவ்வில் லேசாகக் கீறிவிட்டு, திரும்ப ஒட்டி வைத்தேன். யாருக்கும் கெடுதல் செய்வதற்காக இல்லை. மை ஏறி மோட்டார் கெட்டுப்போகட்டும், ரோட்டரியின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்றுதான். வெங்காயத்தோலை நம்பி ஓடுகிறதெல்லாம் ஒரு மிஷினா? ஆனால் அது கெட்டுப்போகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஆடித்தபசுக் கூட்டம் வந்தது. குருவிகுளத்திலிருந்து காளிராஜ் என்று ஒரு லோடு வண்டி டிரைவர், கையில் வேல் போட வந்தான். உட்காரும் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன். ரத்தம் குடுக்கப் போன எடத்துல, எனக்கு ரத்தத்துல மஞ்சக்காமாலக் கிருமி இருக்குன்னு சொல்லிட்டாவ. எனக்கு ஒண்ணும் செய்யலை. ஆனா ஊசி புடிக்கவியளுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?"

நல்ல மனுஷன். இந்த ஊரில் இப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லவே, அங்கன போய் உக்காரும்," என்று செல்வக்குமாரின் நாற்காலியைக் காட்டினேன். செல்வக்குமாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேல் அழகாகத்தான் வந்தது.

அவன் எழுந்து போன கையோடு ஜெயசித்ரா வந்தாள். செல்வக்குமாரின் பெண்டாட்டி. மணிக்கட்டில் புருஷன் பெயர் போடவேண்டுமாம். இந்தப் பெயர் போடுகிற பைத்தியத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் ஒன்று, ஐயா, இதைக் கவனமாக எழுதவேண்டும். நான் அவளைத் தடுத்தேன்.

"ஏட்டி, காயில்ல போட்டுக்கோ. நானே போடுதேன், கோடு கம்பி மாதிரி நிக்கும்," என்றேன்.

அவள் சிரித்தாள். "போங்க அண்ணாச்சி, உங்க மிஷின் சத்தத்தக் கேட்டாலே எனக்குப் பல்லு கூசுது. நான் அவுக மிஷின்லயே போட்டுக்கிடுதேன்."

இரண்டு மிஷினும் அவள் கண் முன்னால் இருந்தன. எது வேண்டும் என்று கேட்டேன். அவள்தான் சொன்னாள். செல்வக்குமார் புதுக் கூடு பிரித்து மாட்டினான், புதுக் கையுறை போட்டுக்கொண்டான், அவ்வளவு சுத்தம். அவள் வலிக்கவே இல்லை என்று ஆச்சரியப்பட்டாள். நான் வெளியே போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். தெரியும். பம்பாயில் தொழில் கற்றபோதே எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் அப்போதே தடுப்பூசி போட்டுக்கொண்டவன்.

அவள் கண் மஞ்சளானபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. செல்வக்குமார் கடைக்கு வந்து அழுதான். என் வீட்டுக்குப் பின்னால் கீழாநெல்லி நிறையக் கிடக்கும். நானே பிடுங்கி, கழுவி, மோரில் கலந்து கொடுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். என் மனைவி ஹெப்சி அவளுக்காக உபவாசம் இருந்தாள். எல்லோருக்கும் அப்படி வருவதில்லையாம், சிலருக்குத்தான் ஈரல் ஒரேயடியாகக் கெட்டுப்போகுமாம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், காப்பாற்ற முடியவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மணிக்கட்டில் எழுத்து ஓரமெல்லாம் மங்கியிருந்தது. காயிலில் போட்டிருந்தால் அப்படி மங்காது.

பிறகு நீங்கள் செல்வக்குமாரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அப்போதும் நான் வரவில்லை. ஏன் இப்போது வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்றுப் பேப்பரைப் பார்த்தீர்களா? 'இளம்பெண் உயிரைப் பறித்த டாட்டூ இயந்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு படம். யாருடைய மிஷின் படம் தெரியுமா? என்னுடையது. அந்த இரண்டு உருளையும் தகடும் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பையிலிருந்து எதை எடுப்பது என்றுகூடத் தெரியாத ஒருவன் எடுத்த படம். நான் ராத்திரி சாப்பிடவில்லை, ஐயா. அந்த மிஷின் ஒரு உயிரையும் எடுத்ததில்லை. ஊருக்கு அது தெரிந்தாக வேண்டும், அதற்குத்தான் வந்தேன்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்: "அப்போ, நீரு அந்தச் சவ்வக் கீறாம இருந்தா, அவன் மிஷின்ல இது வந்திருக்காதுல்லாவே?"

வந்திருக்காது. ஆனால் அது இந்த வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி. ஜெயசித்ராவைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரோட்டரியில் குற்றமில்லை என்று எழுதினால் போடமாட்டேன்.